மலைக்கு அந்தப் பக்கம் கடலா? லெடரர், பாட்ஸ், ஃபாலம்: ஒரு விவாத இழை

வாசகர் கேள்வி, மார்ச் 2

ஜான் லெடரர் என்ற ஜெர்மன்காரர்தான் வர்ஜீனியாவின் புளூ ரிட்ஜ் மலையில் ஏறிய முதல் ஐரோப்பியர் என்று எங்கே பார்த்தாலும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவரோ உச்சியிலிருந்து அட்லாண்டிக் கடலைப் பார்த்தேன் என்கிறார். மேப்பைத் திறந்தாலே தெரிகிறது, நடக்காத காரியம். இப்படிப் புளுகுகிறவர் மலையேறினார் என்பதை மட்டும் எப்படி நம்புகிறீர்கள்?

மார்ச் 2, இரவு

கடல் தெரியாது, அதில் சந்தேகமே வேண்டாம். இப்போதைய ஷெனன்டோவா தேசியப் பூங்காவில் இருப்பதிலேயே உயரமான உச்சி ஹாக்ஸ்பில், 1,234 மீட்டர். அங்கே நின்றால் எவ்வளவு தெளிவான நாளிலும் சுமார் 130 கிலோமீட்டர் தூரம்தான் கண்ணுக்கு எட்டும், அதற்கு மேல் பூமி வளைந்துவிடும். கடற்கரையோ 250 கிலோமீட்டருக்கு அப்பால். நடுவில் இருக்கும் செசபீக் விரிகுடாகூட எட்டாது.

ஆனால் அதே பக்கத்தில் வேறு என்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். குதிரையோடு ஏறப் பார்த்து முடியாமல், அடிவாரத்தில் ஒரு வழிகாட்டியிடம் அதை ஒப்படைத்துவிட்டு, விடிந்ததிலிருந்து இருட்டும்வரை ஏறியிருக்கிறார். மறுநாள் காலையில்தான் இந்தக் கடல் காட்சி. மேற்கே பார்த்தால் இன்னும் உயரமான மலைகள். அப்புறம் பல நாள் பனிக்குள் வழி தேடி அலைந்து, கைகால் மரத்துப்போய், போதும்டா சாமி என்று இறங்கிவிட்டார். புகழுக்காகக் கதை கட்டுகிறவர் மலையைத் தாண்டிவிட்டேன் என்றல்லவா எழுதியிருப்பார்? இவர் தாண்டவில்லை என்று எழுதுகிறார். அதனால் ஏறினார் என்பதை நான் நம்புகிறேன்.

தேதி பற்றி ஒரு வார்த்தை. அச்சில் முதல் பயணம் 1669 மார்ச். அந்தக் காலத்து ஆங்கிலேயருக்கு மார்ச் 25-ல்தான் புது வருஷம் பிறக்கும். அதனால் நம் கணக்குக்கு 1670 என்று கொள்கிறவர்களும் உண்டு. இதை வைத்துத் தனிச் சண்டை வேண்டாம், தயவுசெய்து.

மார்ச் 3

நான் ரிச்மண்ட் பக்கம் இருக்கிறேன், அந்த மலைக்கு அடிக்கடி போவதுண்டு. இலையுதிர் காலத்தில் ஒரு நாள் விடியற்காலையில் ஸ்கைலைன் சாலையில் வண்டியை நிறுத்திக் கிழக்கே பார்த்தோம். கீழே சமவெளி முழுக்க மூடுபனி படுத்திருந்தது. வெள்ளையாக, மட்டமாக, ஓரத்தில் வெயில் பட்டு மினுங்கிக்கொண்டு. இடையிடையே சின்னக் குன்றுகளின் தலை மட்டும் தீவு மாதிரி தெரிந்தது. ஊரிலிருந்து வந்திருந்த மாமனார் காரிலிருந்து இறங்கினதும் கேட்டார்: "இது எந்த ஏரி, மாப்பிள்ளை?" பனி என்று சொல்லியும் அவர் நம்பவில்லை. ஒன்பது மணிக்கு மேல் அது கலைந்து வயலும் சாலையும் தெரிந்த பிறகுதான் சரி என்றார்.

லெடரர் பார்த்ததும் இதுதான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் மார்ச் மாதம், உச்சியில் இரவைக் கழித்துவிட்டு, காலையில் எழுந்து கிழக்கே பார்த்த மனிதர், கிழக்கே கடல் இருக்கிறது என்று ஏற்கெனவே தெரிந்தவர். மினுங்குவது கடல்தான் என்று முடிவு கட்ட வேறென்ன வேண்டும்?

மார்ச் 3, பிறகு

மேலே எழுதியதோடு இதையும் சேர்த்துப் படிக்கவும். லெடரரை மட்டும் பிடித்து உலுக்குவது நியாயமில்லை. அந்தக் குடியேற்றம் முழுவதுமே கடல் பைத்தியம் பிடித்து அலைந்தது. 1651-ல் ஜான் ஃபாரர் வெளியிட்ட வர்ஜீனியா வரைபடத்தைத் தேடிப் பாருங்கள். ஜேம்ஸ் ஆற்றின் தலைமாட்டிலிருந்து 50 காலாட்களும் 30 குதிரைவீரர்களும் பத்து நாள் நடந்தால் மலையைக் கடந்து சீனக் கடற்கரைக்குப் போய்விடலாம் என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது! மலைத்தொடர் ஒரு வேலி, வேலிக்குப் பின்னால் பசிபிக். 1579-ல் ஆங்கிலேய மாலுமி டிரேக் கலிஃபோர்னியாப் பக்கம் இறங்கியது இவர்களுக்குத் தெரியும். நடுவில் எவ்வளவு நிலம் கிடக்கிறது என்பதுதான் தெரியாது.

லெடரர் கொஞ்சம் விவரமானவர். எட்டு பத்து நாளில் கடலுக்குப் போய்விடலாம் என்பதெல்லாம் தப்புக் கணக்கு என்று தெளிவாகவே எழுதுகிறார். சொன்ன கையோடு, இந்துமாக்கடல் (பசிபிக்கைத்தான் அப்படிச் சொல்கிறார்) கலிஃபோர்னியாவிலிருந்து ஒரு கையை நீட்டி ஆப்பலாச்சியன் மலையடிவரை வந்திருக்க வேண்டும் என்கிறார். ஒரு வரியில் ஏறினால் அடுத்த வரியில் சறுக்கல்.

மார்ச் 5

ஒரு நண்பர், அவர் தனியாகவா போனார் என்று கேட்டிருந்தார். இல்லை, ஒரு தடவையும் இல்லை. முதல் பயணத்தில் மூன்று பூர்வகுடி வழிகாட்டிகள். மலை முதலில் கண்ணில் பட்டபோது அது மேகமா மலையா என்றே இவருக்குப் பிரியவில்லை, கூட வந்தவர்கள் தரையில் விழுந்து கும்பிட்ட பிறகுதான் மலை என்று புரிந்தது என்கிறார். அவர்கள் போட்ட சத்தத்தைக் காட்டுமிராண்டித்தனம் என்று ஒரு குத்தும் குத்திவிட்டுத்தான் மேலே போகிறார். நல்ல மனிதர் என்று யாரும் சொல்லவில்லையே.

இரண்டாம் பயணம்தான் சுவாரஸ்யம். 1670 மே மாதம் ஜேம்ஸ் அருவிப் பகுதியிலிருந்து (இப்போதைய ரிச்மண்ட், என் வீட்டிலிருந்து பக்கம்) மேஜர் ஹாரிஸ் என்பவரோடு கிளம்பினார்கள். 20 குதிரைக்காரர்கள், ஐந்து பூர்வகுடியினர். வழி தெரிந்தவர்கள் சுற்றிப் போகும் பாதையைக் காட்டினார்கள். இவர்கள் அதைக் கேட்காமல், திசைகாட்டியை வைத்துக்கொண்டு மேற்கே நேர்க்கோட்டில் போவதென்று முடிவு செய்தார்கள். மரத்தைச் சுற்றிப் போகத் தெரியாமல் உச்சிவரை ஏறி மறுபக்கம் இறங்கும் நில நண்டு போல, நாள் முழுக்க உழைத்து இரண்டடி நிலம் கடந்தோம் என்று லெடரரே கிண்டலடிக்கிறார்.

அந்தக் காட்டுக்குள் பாதையை விட்டு ஒரு முறை இறங்கியவர்களுக்கு இது புரியும். கிரீன்பிரையர் என்று ஒரு முள்கொடி உண்டு. ஜீன்ஸைப் பிடித்தால் விடாது. பின்னால் நகர்ந்து கழற்றினால் முழங்கையில் இன்னொன்று மாட்டும். கொஞ்ச தூரத்தில் தெரியும் பாறைக்கு நடந்து போக நான் பட்ட பாட்டை வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். குதிரையோடு அதில் நேர்க்கோடு போட்டவர்களை என்ன சொல்ல?

ஹாரிஸ் பாதி வழியில் ஒரு ஆற்றைப் பார்த்து, இது கனடா ஏரியின் கிளை என்று சொல்லி, தூண் நட்டுவிட்டுத் திரும்பலாம் என்றார். லெடரர் மறுத்தார். கடைசியில் ஒரு துப்பாக்கியோடும், ஜாக்ஸெடாவன் என்ற சஸ்குவஹானாக் இனத்து வழிகாட்டியோடும் தெற்கே பிரிந்து போனார். ஹாரிஸ் ஊருக்குத் திரும்பி இவரைப் பற்றித் தாறுமாறாகப் பேசிவைத்தார். இவன் உயிரோடு வரப்போவதில்லை என்று நினைத்திருப்பார். ஜூலையில் மனிதர் வந்து நின்றுவிட்டார்.

மார்ச் 5, இன்னொன்று

முதல் பயணத்தில் இரண்டரை கஜ நீளத்தில் ஒரு கிலுகிலுப்பைப் பாம்பைக் கொன்றதாகவும் அதன் வயிற்றுக்குள் முழு அணில் இருந்ததாகவும் எழுதியிருக்கிறார். பாம்பு கதை வேண்டுமென்று கேட்டவருக்கு இது போதும்.

மூன்றாம் பயணத்தில் தூங்கும்போது சிலந்தி கடித்துவிட்டது. கூட வந்த ஒரு பூர்வகுடிக்காரர் விஷத்தை வாயால் உறிஞ்சி எடுத்திருக்காவிட்டால் செத்திருப்பேன் என்கிறார். அவர் பெயரைத்தான் எழுதக் காணோம்.

மார்ச் 8

கடல் விஷயத்துக்கு வருகிறேன். லெடரரைவிட எனக்குப் பிடித்தவர்கள் 1671-ல் போன பாட்ஸும் ஃபாலமும். அனுப்பியவர் ஏப்ரஹாம் வுட். சின்னப் பையனாக, ஒப்பந்த வேலைக்காரனாக வந்து இறங்கி, பிறகு இன்றைய பீட்டர்ஸ்பர்க்கில் கோட்டையும் தோல் வியாபாரமுமாகப் பெரிய ஆளானவர். தாமஸ் பாட்ஸ், தாமஸ் வுட்ஸ், ராபர்ட் ஃபாலம், அப்பமாட்டக் பூர்வகுடித் தலைவர்களில் ஒருவரான பெரக்யூட், முன்பு வுட்டிடம் வேலை பார்த்த ஒருவர். செப்டம்பர் 1-ம் தேதி கிளம்பினார்கள். வழியில் பெரக்யூட்டுக்குத் தினமும் மத்தியானம் குளிர்காய்ச்சல். திரும்பலாம் என்று அவர் ஒரு தடவையும் சொல்லவில்லை. தாமஸ் வுட்ஸ் நோயில் படுத்து ஒரு கிராமத்தில் தங்கிவிட்டார். இவர்கள் திரும்பி வரும்போது அவரும் இல்லை, அவர் குதிரையும் இல்லை, இரண்டும் செத்துப்போயிருந்தன.

செப்டம்பர் 17. மலையைக் கடந்து, மேற்கே ஓடும் ஒரு ஆற்றங்கரை. இப்போதைய நியூ ரிவர், வர்ஜீனியாவும் மேற்கு வர்ஜீனியாவும் சேரும் இடத்துக்குப் பக்கம் என்பது பலருடைய கணிப்பு. மரத்தில் குறியிடும் இரும்பால் எழுத்துப் பொறித்தார்கள்: அரசருக்கு, ஆளுநர் பெர்க்லிக்கு, வுட்டுக்கு, பெரக்யூட்டுக்கும் ஒன்று. அதற்கு முன், இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, பிரான்ஸ், அயர்லாந்து, வர்ஜீனியா எல்லாவற்றுக்கும் அரசரான இரண்டாம் சார்லஸ் வாழ்க என்று கூவித் துப்பாக்கி வெடித்தார்கள். முள்ளும் களையும் மண்டிய பாழடைந்த பழைய வயல், கேட்க நாலு பேர், பிரான்ஸும் பட்டியலில் உண்டு.

அப்புறம்தான் அந்த வேலை. கரையில் நீர் வந்துபோன தடத்தைப் பார்த்து, இங்கே கடல் ஏற்றம் மூன்றடி இருக்கும் என்று ஊகித்தார்கள். இப்போது வற்றம் போலிருக்கிறது, சரி, சோதித்துவிடுவோம் என்று தண்ணீரோரத்தில் ஒரு குச்சியை நட்டுவைத்துக் காத்திருந்தார்கள். தண்ணீர் இறங்கியது, ஆனால் ரொம்ப மெதுவாக. மேலே நின்ற வழிகாட்டிகள் போகலாம் போகலாம் என்று கத்திக்கொண்டே இருந்ததால் மேற்கொண்டு பார்க்க முடியவில்லை என்று ஃபாலம் எழுதுகிறார். அந்த இடத்திலிருந்து அந்தத் தண்ணீர் கனாவா, ஒஹையோ, மிசிசிப்பி என்று போய் மெக்சிகோ வளைகுடாவில் விழ வேண்டும். குச்சி நட்டது நடு மலையில்!

திரும்பும்போது குன்றின் மேலிருந்து மேற்கே பார்த்தார்கள். மூடுபனி எழும்புகிறது, தண்ணீரிலிருந்து வருவது போல ஒரு மினுக்கம். அங்கே பெரிய விரிகுடா இருக்க வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். மாமனார் கதையை நான் சும்மா சொல்லவில்லை.

மார்ச் 8, நள்ளிரவு

தூக்கம் வராமல் மறுபடி படித்தேன். சிரித்துவிட்டேனே தவிர, குச்சி நட்டது நல்ல காரியம்தான். ஊகம் வந்தது, அளந்து பார்க்க நினைத்தார்கள், அவகாசம் போதவில்லை, போதவில்லை என்று எழுதியும் வைத்தார்கள். லெடரர் எதற்கும் குச்சி நடவில்லை. இருவருக்கும் இருக்கும் வித்தியாசம் எனக்கு இங்கேதான் தெரிகிறது.

மார்ச் 9

முதலில் தாண்டியது 1716-ல் ஆளுநர் ஸ்பாட்ஸ்வுட் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை ஐயா. மேலே உள்ள குறிப்பைப் படியுங்கள், 1671. ஸ்பாட்ஸ்வுட் செய்தது பெரிய பிக்னிக். அறுபதுக்கு மேல் ஆட்கள், மலை தாண்டி ஷெனன்டோவா ஆற்றங்கரையில் விருந்து. ஆற்றுக்கு யூஃப்ரடிஸ் என்று பெயர் வைத்தார்கள், அது ஒட்டவில்லை. கூடப் போன ஜான் ஃபான்டெய்ன் எழுதிய நாட்குறிப்பில் சரக்குப் பட்டியல் இருக்கிறது: வர்ஜீனியா சிவப்பு ஒயின், வெள்ளை ஒயின், அயர்லாந்து விஸ்கி, பிராந்தி, இரண்டு வகை ரம், ஷாம்பெய்ன், பன்ச், சைடர், நடுவில் தண்ணீரும் உண்டு. அரசர் பெயரைச் சொல்லி ஷாம்பெய்ன், ஒரு வெடி. இளவரசிக்கு பர்கண்டி, ஒரு வெடி. மீதிக் குடும்பத்துக்கு கிளாரட், ஒரு வெடி. இவ்வளவு குடித்துவிட்டு எல்லோரும் பத்திரமாக இறங்கி வந்ததுதான் உண்மையான சாதனை.

திரும்பியதும் கூட வந்தவர்களுக்குத் தங்கக் குதிரை லாடம் பரிசளித்தாராம். கடலோர மணலில் குதிரைக்கு லாடம் தேவைப்படாது, மலைக்குத்தான் அடிக்க வேண்டியிருந்தது, அதன் நினைவாக. மேற்கு வர்ஜீனியாவில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 1931 முதல் இந்தப் பெயரில் மாநில வரலாற்றுத் தேர்வு நடக்கிறது. விருந்து வைத்தவர் பாடத்தில் ஏறிவிட்டார், பெரக்யூட் ஏறவில்லை.

மார்ச் 13

இழை நீண்டுவிட்டது, ஆனாலும் என் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். முதல் ஆள் யார் என்ற கேள்வியே என்னை உறுத்துகிறது.

ஃபாலம் நாட்குறிப்பில் ஒரு வரி: வழியில் இரண்டு மரங்களைப் பார்த்தோம், ஒன்றில் கரியால் எம்.ஏ.என்.ஐ. என்று எழுதியிருந்தது, மற்றதில் எம்.ஏ. என்று செதுக்கி வேறு கிறுக்கல்களும் இருந்தன. அவ்வளவுதான். யார் எழுதியது, எப்போது, ஒன்றும் இல்லை. ஆங்கில எழுத்துத் தெரிந்த யாரோ இவர்களுக்கு முன்பே அங்கே போயிருக்கிறார். பார்த்தவர்கள் ஆச்சரியப்பட்ட மாதிரியும் தெரியவில்லை.

யாராக இருக்கும்? தோல் வாங்கப் போனவர்களாகத்தான் இருக்கும் என்பது என் கருத்து. அவர்களுக்கு வழி தெரியும், ஆனால் அதை அச்சில் போட என்ன அவசியம்? பீவர் தோல் எங்கே மலிவாகக் கிடைக்கிறது என்பதை எந்த வியாபாரி ஊரறியச் சொல்வான்? புத்தகம் போட்டவருக்கு வேறு தேவை இருந்தது. லெடரர் திரும்பி வந்தபோது வர்ஜீனியாவில் அவரை வரவேற்க ஆளில்லை. நம் வரிப்பணத்தில் ஊர் சுற்றினான் என்று திட்டினார்கள், மேரிலாந்துக்கு ஓடிவிட்டார். அங்கே சர் வில்லியம் டால்பட் அவருடைய லத்தீன் குறிப்புகளை ஆங்கிலமாக்கி 1672-ல் லண்டனில் அச்சிட்டார். கெட்ட பெயரைத் துடைக்க எழுந்த புத்தகம் அது. அதனால்தான் இன்று சாலையோர வரலாற்றுப் பலகையில் அவர் பெயர்.

இன்னொரு தரப்பும் வாயை மூடிக்கொண்டிருந்தது, ஆனால் வேறு காரணத்துக்காக. ரோனோக் ஆற்றின் நடுத்தீவில் இருந்த ஒக்கனீச்சி மக்கள். மலைப்பக்கத்துத் தோலும் கடற்கரை இரும்பும் அவர்கள் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆங்கிலேயர் நேரே மலைக்குப் போய்விட்டால் அவர்கள் பிழைப்பு போச்சு. லெடரர் அங்கே தங்கிய இரவில், மேற்கிலிருந்து வந்திருந்த ஒரு தூதரும் அவருடைய ஆட்களும் விருந்துக்கு அழைக்கப்பட்டார்கள். நடனத்தின் நடுவே வேண்டுமென்றே புகை மூட்டி அறையை இருட்டாக்கி எல்லோரையும் கொன்றுவிட்டார்கள். ஏன் என்று தெரியவில்லை என்கிறார் லெடரர். பயந்து, சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டார்.

அந்தத் தீவு இப்போது கெர் அணையின் தண்ணீருக்குள். கிளார்க்ஸ்வில் பக்கம் போயிருக்கிறேன். கரையில் அவர்கள் பெயரிலேயே ஒரு பூங்கா, படகு இறக்குகிற இடம், மீன்பிடிக்க ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். 1676-ல், ஆளுநரை எதிர்த்துக் கலகம் செய்த குடியேறி நதானியேல் பேகன் தன் ஆட்களோடு வந்து, முதலில் ஒக்கனீச்சிகளை வைத்தே சஸ்குவஹானாக்குகளை அடித்துவிட்டு, பிறகு அவர்கள் மேலேயே பாய்ந்தான். அதற்குப் பிறகு மலைப் பாதை வியாபாரிகளுக்குத் திறந்துகொண்டது. புளூ ரிட்ஜைத் திறந்தது எது என்று கேட்டால் லெடரர் ஏறியதைவிட இந்தப் படுகொலையைத்தான் சொல்வேன்.

மார்ச் 14

நேற்றைய குறிப்புக்கு ஒரு ஒட்டு. லெடரரை வியாபாரத்துக்கு வெளியே நிறுத்திவிட வேண்டாம். புத்தகத்தின் கடைசியில் வியாபாரிகளுக்கு யோசனை சொல்கிறார்: பக்கத்து மக்களுக்குத் துணி, கோடரி, கத்தி எடுத்துப் போ, தூரத்து மக்களுக்குச் சின்னக் கண்ணாடி, மணி, வளையல் போதும், பிராந்தி ஊற்றினால் பத்து மடங்கு விலை கிடைக்கும். கடலைப் பார்த்ததாகச் சொன்னதைவிட இதுதான் எனக்கு முகம் சுளிக்கவைத்த இடம்.

வியாபாரிகள் எழுதவே இல்லை என்பதற்கும் ஒரு விலக்கு உண்டு. 1674 ஆகஸ்ட்டில் ஏப்ரஹாம் வுட் எழுதிய நீண்ட கடிதம். அதற்கு முந்தைய வருஷம் ஜேம்ஸ் நீதம், கேப்ரியல் ஆர்தர் என்ற இருவரை மலைக்கு அப்பால் டொமஹிட்டன் மக்களிடம் அனுப்பினார். நீதமை வழித்துணையாக வந்த ஒக்கனீச்சிக்காரனே சுட்டுக் கொன்றான். ஆர்தர் அங்கேயே அவர்களோடு தங்கி, அவர்கள் போன சண்டைக்கெல்லாம் போய், ஃபுளோரிடா பக்கம் ஸ்பானியர் ஊர்வரை பார்த்துவிட்டார். ஒஹையோ பக்கம் ஒரு கூட்டம் அவரைப் பிடித்துச் சாம்பலும் தண்ணீரும் போட்டுத் தேய்த்துக் கழுவியது. உள்ளே வெள்ளைத் தோல். அப்புறம் பீவர் தோலுக்கு என்ன விலை கொடுப்பீர்கள் என்று சைகையில் விசாரித்துவிட்டு அனுப்பிவைத்தார்கள். 1674 ஜூனில் கோட்டைக்குத் திரும்பினார். அத்தனை மலை பார்த்த இளைஞர் தன் கையால் ஒரு வரி எழுதவில்லை. வுட் கேட்டு எழுதியதால் பிழைத்த கதை.

மார்ச் 20

ஸ்பானியர்களை விட்டுவிட்டீர்களே என்ற கேள்வி நியாயம். புளூ ரிட்ஜின் தென்பகுதியை எடுத்துக்கொண்டால் 1540-லேயே டி சோட்டோவின் படை கடந்துவிட்டது. 1566 டிசம்பரில் கிளம்பிய ஹுவான் பார்டோ, இன்றைய வட கரோலினாவின் மார்கன்டன் அருகே ஹொவாரா என்ற ஊரில் சான் ஹுவான் கோட்டையைக் கட்டினார், இன்னும் சில இடங்களிலும் ஆட்களை விட்டுப் போனார். 1568-ல் ஊர்க்காரர்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள். கோட்டை அகழியைத் தொல்லியலாளர்கள் கண்டுபிடித்ததாக 2013-ல் செய்தி வந்தது. ஆக, லெடரருக்கு முன்னால் நூறு வருஷக் கதை இருக்கிறது. பலகையில் வர்ஜீனியாவிலிருந்து என்ற ஒரு வார்த்தை சேர்த்தால் பாதிச் சண்டை தீரும்.

மார்ச் 21

எதைப் படிப்பது என்று கேட்டவருக்கு: முதலில் ஃபாலம். சின்ன நாட்குறிப்பு, ஒரு காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும். பிற்காலத்தில் ஒஹையோ பள்ளத்தாக்கு எங்களுடையது என்று பிரெஞ்சுக்காரரிடம் வாதாட ஆங்கிலேயர் நீட்டிய காகிதமும் இதுவே. அடுத்து வுட்டின் கடிதம். எழுத்துப்பிழை நிறைய, சத்தமாக வாசித்தால் புரியும். லெடரரைக் கடைசியில் படியுங்கள். டால்பட் எழுதிய முன்னுரையை மட்டும் தாண்டிவிடாதீர்கள், ஊர் அவரை எப்படி நடத்தியது என்பது அதில்தான் இருக்கிறது. எல்லாமே பதிப்புரிமை முடிந்தவை, பழைய நூல்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கும் தளங்களில் காசில்லாமல் கிடைக்கும்.